வெளிநாட்டுத் துணைவரோடு வன்னிக்குத் திரும்புவோருக்கு: வதிவிட வீசா எடுக்கும் வழி

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ செட்டிகுளத்திலோ பிறந்து, வெளியே போய், அங்கே ஒரு வெளிநாட்டவரை மணந்து, இப்போது ஊரோடு வந்து இருக்க நினைப்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. வீசா ஒட்டப்படுவது துணைவரின் கடவுச்சீட்டில். ஆனால் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் அலுவலர் புரட்டிப் பார்க்கும் கோவையில் பெரும்பகுதி இலங்கையரான உங்களுடைய கடதாசிகள்தான். நீங்கள் இலங்கைப் பிரசை, உங்கள் பெயர் இது, இருப்பது இந்த முகவரியில், இவரைச் சட்டப்படி மணந்திருக்கிறீர்கள். இந்த நான்கையும் நிறுவிவிட்டால் துணைவரின் பக்கம் கடவுச்சீட்டு, பொலிஸ் சான்று, மருத்துவப் பரிசோதனை என்று சுருங்கிவிடும். அலுவல் இழுபடுவது அநேகமாக இந்த நான்கில் ஒன்றில்தான். வன்னியில் இடம்பெயராத வீடு இல்லை. கடதாசி தொலையாத வீடும் குறைவு. அதனால் கீழே அந்தப் பக்கத்துக்கே கூடிய இடம் கொடுத்திருக்கிறது.

முதற்கேள்வி: நீங்கள் இன்னும் இலங்கைப் பிரசையா?

சுவிசிலோ நோர்வேயிலோ பிரான்சிலோ நிரந்தர வதிவிட அட்டையோடு மட்டும் இருந்தவர் இலங்கைப் பிரசைதான். அகதிப் பயணப் பத்திரத்தில் வாழ்ந்தவரும் அப்படியே. கடவுச்சீட்டுக் காலாவதியானதால் பிரசாவுரிமை போவதில்லை. ஆனால் அந்த நாட்டின் குடியுரிமையை நீங்களாக விண்ணப்பித்து எடுத்திருந்தால், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டப்படி இலங்கைப் பிரசாவுரிமை அதோடு நின்றுவிடும். பழைய அடையாள அட்டை கையில் இருக்கிறது, வாக்காளர் இடாப்பில் அம்மா இன்னும் பெயர் போட்டுக்கொண்டிருக்கிறா என்பதெல்லாம் இதை மாற்றாது. அப்படிப்பட்ட ஒருவர் "இலங்கையரின் துணைவர்" என்ற பிரிவில் மனைவிக்கோ கணவருக்கோ விண்ணப்பிக்கப் போனால், இருவருமே வெளிநாட்டவர் என்ற பதில்தான் வரும்.

இதற்கு வழி இரட்டைப் பிரசாவுரிமை. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்து முடிந்தவர்கள் சட்டத்தின் 19(2)ஆம் பிரிவில் பிரசாவுரிமையை மீளப் பெறுகிறார்கள். இனித்தான் எடுக்கப்போகிறவர்கள் 19(3)இல் அதைத் தக்கவைத்துக்கொள்கிறார்கள். பின்னது சுலபம், எனவே வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு இன்னும் போடாதவர்கள் அவசரப்பட வேண்டாம். விண்ணப்பிக்கும்போது ஏதாவது ஒரு தகுதிப் பிரிவைத் தெரிவுசெய்ய வேண்டும். 55 வயதைக் கடந்தவர், கல்வி அல்லது தொழில் தகைமை உள்ளவர், இலங்கையில் அசையாச் சொத்து உள்ளவர், வங்கியில் நிலையான வைப்பு உள்ளவர் என்று அவை போகும். வன்னிக்காரர் பலர் சொத்துப் பிரிவைத் தெரிந்துவிட்டுக் காணிப் பத்திரத்தில் மாட்டுப்படுகிறார்கள். உங்கள் பெயரில் உறுதிக் காணி இருந்தால் சரி. அப்பாவின் பெயரில் இருக்கும் பெர்மிட் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) உங்கள் சொத்தாகக் கணக்கில் வராது. வயதோ படிப்போ இருந்தால் அந்தப் பிரிவில் போவது சுருக்கு வழி.

இது மாதக்கணக்கில் எடுக்கும் அலுவல். வெளிநாட்டில் இருக்கும்போதே தூதரகம் ஊடாகப் போட்டு, சான்றிதழ் கைக்கு வந்த பிறகு வீட்டுச் சாமான் கட்டுங்கள்.

கிளிநொச்சி, வவுனியாப் பக்கங்களில் 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கு இன்னொன்றும் உண்டு. உங்கள் பிரசாவுரிமை தகப்பனுக்கோ பாட்டனுக்கோ பதிவின் மூலம் கிடைத்ததாக இருக்கலாம், அல்லது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்ததாக இருக்கலாம். அந்தப் பிரசாவுரிமைச் சான்றிதழையோ பிரகடனத்தையோ தேடி எடுத்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் இனம் "இந்தியத் தமிழர்" என்று பதிவாகியிருந்தால் இதைக் கேட்க இடமுண்டு.

பெயர்: எல்லாச் சிக்கலுக்கும் தாய்

நான்கு கடதாசிகளை மேசையில் பக்கத்துப் பக்கத்தில் விரியுங்கள்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, திருமணச் சான்றிதழ். ஒவ்வொன்றிலும் உங்கள் பெயரை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். தமிழ்ப் பெயர் ஆங்கிலத்துக்குப் போகும்போது ஓரிடத்தில் "டி.எச்." வரும், மற்ற இடத்தில் வெறும் "டி" வரும். ஓரிடத்தில் "ஐயா" ஒட்டியிருக்கும், மற்ற இடத்தில் காணாமல் போயிருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால், கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயர்ப் பெட்டிக்குள் போய் உட்காரும். ஐரோப்பிய நகரசபையில் திருமணம் பதிந்தபோது அதைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். வெளிநாட்டு மனைவி "உங்கள் குடும்பப் பெயரை" எடுத்துக்கொண்டாள் என்றால், அவள் எடுத்தது மாமனாரின் பெயரை. இதை அலுவலருக்கு வாயால் விளங்கப்படுத்த முடியாது, கடதாசிதான் பேச வேண்டும்.

வித்தியாசம் எழுத்துக்கூட்டல் அளவில் என்றால் ஒரு சத்தியக் கடதாசி போதும். சமாதான நீதவான் முன்னோ சத்தியப் பிரமாண ஆணையாளரான சட்டத்தரணி முன்னோ முடியுங்கள். "இந்த இந்தப் பெயர்களால் குறிக்கப்படுபவர் ஒருவரே" என்று, ஒவ்வொரு ஆவணத்தின் இலக்கமும் திகதியும் குறிப்பிட்டு எழுதுவியுங்கள். பொதுவாக "என் பெயர்களில் வித்தியாசம் உண்டு" என்று எழுதிக் கொடுக்கும் சத்தியக் கடதாசி பெறுமதி இல்லாதது. இலக்கம் இல்லாவிட்டால் எந்த ஆவணத்தைச் சொல்கிறது என்று யாருக்கும் தெரியாது.

வித்தியாசம் அதற்கு மேல் போனால், அதாவது பிறந்த திகதி வேறு, தகப்பன் பெயர் வேறு, அல்லது பிறப்புச் சான்றிதழில் பெயர் நிரலே வெறுமை என்றால், சத்தியக் கடதாசியை நம்ப வேண்டாம். மூலப் பதிவைத் திருத்துங்கள். பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவு இருக்கும். பெயர் சேர்ப்பதற்கு ஒரு விண்ணப்பம், பிழை திருத்துவதற்கு வேறொன்று. பாடசாலை அனுமதிப் பதிவேட்டுப் பிரதி, ஞானஸ்நானப் பதிவு, மூத்த சகோதரரின் பிறப்புச் சான்றிதழ் போன்ற பழைய எழுத்துகள் இதற்கு உதவும். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த இடத்தில் பிறந்தவர்களுக்குப் பிறந்த மருத்துவமனை ஒரு பிரிவிலும் ஊர் வேறொரு பிரிவிலும் இருக்கும். பதிவு பிறந்த இடத்தின் பிரிவில்தான் தேடப்பட வேண்டும், ஊரில் தேடிவிட்டு "பதிவு இல்லை" என்று திரும்பி வராதீர்கள். பிறப்பு எங்கும் பதியப்படவே இல்லை என்றால் காலங்கடந்த பதிவு செய்யலாம். 2009இல் எல்லாம் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் ஏராளமாக இதைச் செய்து முடித்திருக்கின்றன, கந்தோர்களுக்கு இது புதிதல்ல.

கணினிமயப்பட்ட பிறப்பு, திருமணப் பதிவுகளின் பிரதியை இப்போது எந்தப் பிரதேச செயலகத்திலும் கேட்டு எடுக்கலாம். மூன்று நான்கு பிரதிகளாக எடுத்துவிடுங்கள். தமிழில் மட்டும் உள்ள சான்றிதழ்களுக்குச் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் அவரிடம் கொடுத்து, "பெயரின் எழுத்துக்கூட்டல் இதிலிருப்பது போலவே வர வேண்டும்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் தன் விருப்பத்துக்கு ஐந்தாவது எழுத்துக்கூட்டல் ஒன்றை உண்டாக்கித் தருவார்.

அடையாள அட்டையில் பழைய 9 இலக்கமும் எழுத்தும் உள்ளவர்கள், புதிய 12 இலக்க அட்டை எடுத்திருந்தால், பழையதின் பிரதியையும் கோவையில் வையுங்கள். பழைய ஆவணங்களில் பழைய இலக்கம்தான் இருக்கும். அட்டையே இல்லாதவர் கிராம அலுவலர் ஊடாக முதலில் அதற்குப் போட வேண்டும்.

திருமணம்

வெளிநாட்டில் பதிந்த திருமணம் என்றால், சான்றிதழ் அந்த நாட்டிலேயே உறுதிப்படுத்தப்பட்டு வர வேண்டும். வழமையான சங்கிலி இது: சான்றிதழைத் தந்த அதிகாரி, அந்த நாட்டின் வெளிநாட்டமைச்சு, அங்குள்ள இலங்கைத் தூதரகம். இலங்கையில் ஆவணங்களைச் சான்றுறுதி செய்யும் வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவு பத்தரமுல்லை சுகுறுபாயக் கட்டடத்தில் இருக்கிறது, யாழ்ப்பாணம் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகம்) அதன் பிராந்திய அலுவலகம் உண்டு. அப்போஸ்டில் முத்திரை (நாடுகளுக்கிடையில் ஆவணத்தை உறுதிப்படுத்தும் முத்திரை) குத்தியிருக்கிறது, இனி ஒன்றும் வேண்டாம் என்று அங்கே சொல்வார்கள். அந்த வார்த்தையில் மட்டும் விமானம் ஏறாதீர்கள், இலங்கைத் தூதரகத்துக்கு எழுதி எழுத்தில் பதில் எடுங்கள். இந்தச் சங்கிலியில் ஒரு வளையம் விட்டுப்போனால் வன்னியிலிருந்து கொண்டு சரிப்படுத்துவது பெரும்பாடு. சான்றிதழ் ஜேர்மனிலோ பிரெஞ்சிலோ இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் அங்கேயே எடுங்கள். கிளிநொச்சியில் அதற்கு ஆள் பிடிக்க முடியாது. சில நாடுகளில் பன்மொழிச் சான்றிதழ் என்று ஒன்று கேட்டால் தருவார்கள், அதில் ஆங்கிலமும் இருக்கும்.

கோயிலில் தாலி கட்டியது, தேவாலயத்தில் ஆசீர்வாதம் பெற்றது, மண்டபத்தில் ஊர் கூடி நடத்தியது எல்லாம் நல்லதுதான், ஆனால் பதிவுத் திகதிதான் வீசாவுக்குத் திருமணத் திகதி. படங்கள் கோவைக்குத் துணை செய்யும், பதிவுக்குப் பதிலாக நிற்காது. முசலி, மன்னார்ப் பக்க முஸ்லிம் குடும்பங்களில் நிக்காஹ் முஸ்லிம் விவாகப் பதிவில் ஏறியிருக்க வேண்டும்.

இலங்கையில் வந்து பதியப்போகிறீர்கள் என்றால், ஊர்ப் பதிவாளரிடம் போகாமல் நேரே பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போங்கள். வெளிநாட்டவர் தன் நாட்டிலிருந்து, தான் மணமாகாதவர் அல்லது சட்டப்படி பிரிந்தவர் என்று காட்டும் குடியியல் நிலைச் சான்றிதழைக் கொண்டுவர வேண்டும். இங்கே வந்த பின் அதைத் தருவிப்பதற்குள் பயண வீசா முடிந்துவிடும்.

இருவரில் யாருக்காவது முதல் திருமணம் ஒன்று இருந்திருந்தால் அது எப்படி முடிந்தது என்பதற்கு எழுத்து வேண்டும். இலங்கை நீதிமன்றத்தில் பிரிந்தவர்கள் இடைக்காலக் கட்டளையை மட்டும் வைத்துக்கொண்டு வருவதுண்டு. வேண்டியது இறுதிக் கட்டளை. முதல் துணைவர் போரில் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ். காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால் விடயம் கடினமானது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இறப்பைப் பதியலாம். 2016ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின் காணாமற்போனமைக்கான சான்றிதழையும் எடுக்கலாம். காணி, வங்கி அலுவல்களுக்கு அந்த இரண்டாவது உதவும். ஆனால் அது திருமணத்தை முடித்துவைக்கும் பத்திரம் அல்ல. இறப்புப் பதிவு எடுக்க மனம் இடம்கொடுக்காமல் இருப்பவர்கள், அடுத்த திருமணத்தைப் பதியுமுன் சட்டத்தரணி ஒருவரிடமோ சட்ட உதவி ஆணைக்குழுவிலோ பேசுவது நல்லது. இதில் யாரும் அவசரப்படுத்தக்கூடாது.

தமிழ்நாட்டிலிருந்து திரும்புவோர்

மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலிருந்து போய் மண்டபம் அகதி முகாமிலோ வேறு முகாமிலோ இருந்து, அங்குள்ள பெண்ணையோ ஆணையோ மணந்து திரும்புகிறவர்களுக்கும் இதே விதிகள்தான். முகாமில் நடந்த திருமணம் பெரும்பாலும் பதியப்படாமல் கிடக்கும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் சட்டப்படி எல்லாத் திருமணமும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியப்பட வேண்டும். 90 நாளுக்குள் பதிவது வழமை, மேலதிகக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. பல ஆண்டு கடந்தவர்கள் 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிய வழியிருக்கிறதா என்று அதே அலுவலகத்தில் கேளுங்கள். பதிந்த பின் மாநில அரசின் சான்றுறுதி, இந்திய வெளிநாட்டமைச்சின் சான்றுறுதி, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகம் என்று அதே வரிசை. துணைவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு இருக்க வேண்டும். பொலிஸ் சான்றையும் கடவுச்சீட்டு அலுவலகமே தரும்.

திரும்பும் கணவருக்கு அகதிகள் உயர்ஸ்தானிகராலயம் பயண ஒழுங்கு செய்து கொடுத்தாலும், இந்தியப் பிரசையான மனைவிக்கு வீசா தனி அலுவல். இரண்டையும் ஒன்றென்று நினைத்து, அவள் பயண அனுமதியில் வந்து, ஊரில் இருந்து, காலாவதியாகி, ஆண்டுக்கணக்கில் கணக்கில் இல்லாமல் இருக்கும் வீடுகள் இருக்கின்றன. அப்படி ஆகியிருந்தால் ஒளிந்திருப்பதில் பயனில்லை, தண்டப்பணமும் உண்டு. சட்டத்தரணியோடு திணைக்களத்துக்குப் போவதே வழி.

துணைவர் புறப்படுமுன் கையில் வைத்திருக்க வேண்டியவை

கடவுச்சீட்டு குறைந்தது 6 மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். நாங்கள் சொல்வது: இரண்டு ஆண்டுக்குக் குறைந்தால் புதுப்பித்துவிட்டே வாருங்கள். வீசா பழைய புத்தகத்தில் இருக்க, புத்தகம் முடிந்துவிட்டால் அதை மாற்றுவதற்கு இன்னொரு கொழும்புப் பயணம்.

பொலிஸ் சான்று துணைவரின் சொந்த நாட்டிலிருந்தும், அண்மைக்காலத்தில் வேறு நாட்டில் வாழ்ந்திருந்தால் அங்கிருந்தும் வேண்டும். கனடாவில் அதைத் தருவது ஆர்.சி.எம்.பி. என்ற மத்திய பொலிஸ், பிரித்தானியாவில் அக்ரோ என்ற குற்றப்பதிவு அலுவலகம். கைரேகை கேட்கும் நாடுகளில் அதை அங்கேயே கொடுத்துவிட்டு வருவது புத்தி. ஆனால் மிக முந்தி எடுக்காதீர்கள். சில மாதங்களுக்கு மேல் பழையதை அலுவலர் ஏற்கத் தயங்குவார்.

துணைவரின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்து வாருங்கள். முதல் விண்ணப்பத்தில் கேட்காவிட்டாலும் பிற்காலத்தில் பிரசாவுரிமை என்ற பேச்சு வரும்போது கேட்பார்கள்.

எந்த வீசாவில் இறங்குவது

வதிவிட வீசாவுக்கு வருகிறவர் நுழைவு வீசாவோடு வர வேண்டும் என்பதே திணைக்களத்தின் அடிப்படை ஒழுங்கு. திணைக்களத் தலைவரான கட்டுப்பாட்டாளர் நாயகத்தின் சம்மதத்தோடு இலங்கைத் தூதரகம் அதைக் கொடுக்கும். வந்து இறங்கிய பின் அதை வதிவிட வீசாவாக மாற்றிக்கொள்வது. சுற்றுலாவுக்கான இ.டி.ஏ. (இணையத்தில் எடுக்கும் பயண அனுமதி) 30 நாளுக்கானது, நீடிக்கலாம். அதில் வந்துவிட்டுப் பிறகு பார்ப்போம் என்பவர்கள் பலர். நேரம் இருந்தால் நுழைவு வீசாவே நல்லது. "ஏன் சுற்றுலாவாக வந்தீர்கள்" என்ற கேள்வியே எழாது. இ.டி.ஏ.யில்தான் வருவதென்றால் "கவ் டொட் எல்கே" என்று முடியும் அரச இணையத்தளத்தில் மட்டும் பணம் கட்டுங்கள். தேடினால் முதலில் வருவது தனியார் தளங்களாக இருக்கும், இரட்டிப்புக் காசு வாங்குவார்கள்.

வெளிநாட்டவர் வடக்குக்குப் போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற பழைய பயத்தை இப்போதும் சிலர் காவித்திரிகிறார்கள். 2014 ஒக்டோபரில் திரும்பக் கொண்டுவரப்பட்ட அந்தக் கட்டுப்பாடு 2015 ஜனவரியில் நீக்கப்பட்டது. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறக்கி விசாரிக்கும் காலம் போய்விட்டது.

ஊரில் செய்ய வேண்டியது

பத்தரமுல்லைக்கு ஓடுமுன் கிராம அலுவலரிடம் போங்கள். வயதானவர்கள் இன்னும் விதானையார் என்றுதான் சொல்வார்கள். பொதுவாகச் செவ்வாய், வியாழன், சனி முற்பகலில் அவர் தன் அலுவலகத்தில் இருப்பார். வேறு நாளில் போனால் வெளிக்கள வேலை, பிரதேச செயலகக் கூட்டம் என்று ஆளைப் பிடிக்க முடியாது. வேண்டியது வதிவிடச் சான்றிதழ், பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு.

இங்கே இடறுவது வாக்காளர் இடாப்பு. நீங்கள் 15 ஆண்டு வெளியே இருந்திருந்தால் உங்கள் பெயர் அதில் இருக்காது, புதிதாக வந்த கிராம அலுவலருக்கு உங்களைத் தெரியாது. "இங்கேயே பிறந்தவர்" என்று அயல் முழுக்கச் சொன்னாலும் அவர் கையெழுத்து வைக்க ஏதாவது எழுத்து வேண்டும். பெற்றோரின் பதிவு உள்ள இடாப்புப் பக்கம், காணிப் பெர்மிட் அல்லது உறுதி, மின்சாரப் பட்டியல், மீள்குடியேறியபோது குடும்பத்துக்குக் கொடுத்த பதிவு, இவற்றில் இரண்டாவது கொண்டு போங்கள். வந்த வாரமே துணைவரையும் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்து வையுங்கள். பிறகு விசாரணைக்கு யாராவது அவரிடம் கேட்டால் "ஓம், இருக்கினம்" என்று சொல்லத் தெரிந்திருக்கும்.

முகவரியை எல்லாக் கடதாசியிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். வன்னியில் வீட்டிலக்கம் இல்லாத வீடுகள் அதிகம், "10ஆம் வாய்க்கால், 2ஆம் யூனிற்" என்பது போன்ற முகவரிகளை ஒவ்வொரு கந்தோரும் ஒவ்வொரு மாதிரி எழுதும். கிராம அலுவலர் பிரிவின் பெயரும் இலக்கமும் எப்போதும் சேர்ந்திருக்கட்டும்.

பத்தரமுல்லையில்

வவுனியாவில் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, உங்கள் இலங்கைக் கடவுச்சீட்டு அலுவலை அங்கே பார்க்கலாம். துணைவரின் வதிவிட வீசாக் கோவைக்குப் பத்தரமுல்லை சிறி சுபூதிபுர வீதியிலுள்ள சுகுறுபாயதான். இரவு பஸ்ஸில் ஏறி விடிய இறங்கி, கோட்டையிலிருந்து 190ஆம் இலக்க பஸ் எடுத்தால் பத்தரமுல்லைச் சந்தி வரும். போகுமுன் நேரப்பதிவு வேண்டுமா என்பதையும் அன்றைய கட்டணத்தையும் திணைக்கள இணையத்தளத்தில் பாருங்கள். கட்டணம் வர்த்தமானியோடு மாறிக்கொண்டிருப்பதால் ஊரில் முந்தி எடுத்தவர் சொன்ன தொகையை நம்பி எண்ணிக்கொண்டு போகாதீர்கள்.

இருவரும் நேரில் போக வேண்டும். மாமியையோ தம்பியையோ அனுப்புவது சரிவராது. கோவையை இந்த ஒழுங்கில் அடுக்குங்கள்: பூர்த்திசெய்த விண்ணப்பப் படிவம், நிழற்படங்கள், துணைவருக்கு வீசா வழங்கும்படி கேட்டு இலங்கையரான நீங்கள் கட்டுப்பாட்டாளர் நாயகத்துக்கு எழுதிய கடிதம், திருமணச் சான்றிதழ், உங்கள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டையும் கடவுச்சீட்டும், இரட்டைப் பிரசையானால் அந்தச் சான்றிதழ், கிராம அலுவலர் சான்று, வருமானத்தையோ வங்கி நிலுவையையோ காட்டும் பத்திரம், துணைவரின் கடவுச்சீட்டில் படப் பக்கமும் கடைசியாக இறங்கிய முத்திரைப் பக்கமும், பொலிஸ் சான்று. மூலங்களைத் தனி உறையில் வையுங்கள், கொப்பிகள் இரண்டு கட்டாக. சத்தியக் கடதாசியை அது எந்த ஆவணத்தைப் பற்றியதோ அதன் பின்னாலேயே குத்துங்கள். கடைசியில் கிடந்தால் அலுவலர் பெயர் வித்தியாசத்தை முதலில் கண்டு, விளக்கத்தைக் காணாமலே கோவையைத் திருப்பித் தருவார்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எப்போது மணந்தீர்கள், எப்போது திரும்பினீர்கள், எங்கே இருக்கிறீர்கள், எதில் சீவிக்கிறீர்கள். இவ்வளவும் போதும். போரையும் இடப்பெயர்வையும் எழுத வேண்டிய இடம் ஒன்றுதான்: ஒரு ஆவணம் ஏன் இல்லை என்பதற்கான காரணம்.

தனித்தனியாக விசாரித்தால் பதறாதீர்கள். எங்கே சந்தித்தீர்கள், மாமியின் பெயர் என்ன என்பது போன்றவைதான். கலியாணம் உண்மையானதா என்று பார்க்கிறார்கள். துணைவருக்கு ஆங்கிலம் வராவிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். நடுவில் புகுந்து நீங்களே மொழிபெயர்த்துப் பதிலும் சொல்வதைத்தான் அவர்கள் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

நீண்டகாலம் தங்க வருகிறவர்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் உண்டு. மலேரியா, யானைக்கால், காசநோய், எச்.ஐ.வி. ஆகிய நான்கையும் பார்ப்பார்கள். இலங்கை மலேரியாவை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று கொடுத்தது, அது திரும்ப நுழையாதிருக்கவே இந்தக் கவனம். வன்னிக்காரருக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்த வேண்டியதில்லை, மலேரியாவில் படுக்காத வீடு ஒருகாலத்தில் இங்கே இருக்கவில்லை. பரிசோதனை கொழும்பில் என்பதால் ஓரிரவு தங்கும் ஏற்பாட்டோடு போங்கள். மனைவி கர்ப்பமாக இருந்தால் நெஞ்சு எக்ஸ்-ரே எடுக்குமுன்பே சொல்லிவிட வேண்டும்.

வீசா ஒட்டிய பிறகு

கடவுச்சீட்டைக் கையில் வாங்கியதும் யன்னலடியிலேயே நின்று வாசியுங்கள்: பெயர், கடவுச்சீட்டு இலக்கம், முடியும் திகதி, நிபந்தனை. அங்கேயே பிழை சொன்னால் அன்றே திருத்துவார்கள், கிளிநொச்சிக்கு வந்து கண்டால் திரும்ப 330 கிலோமீற்றர். வேலை பற்றிய நிபந்தனையைக் குறிப்பாகப் பாருங்கள். வதிவிட வீசா கிடைத்ததால் சம்பள வேலைக்கும் அனுமதி வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கக் கேட்கிறார்கள், நிறுவனமொன்றில் ஆள் தேடுகிறார்கள் என்றால் முதலில் திணைக்களத்தில் கேளுங்கள்.

முடியும் திகதிக்கு ஒரு மாதம் முந்தியே புதுப்பிப்புக் கோவையைத் தயார்செய்யுங்கள். புதிய கிராம அலுவலர் சான்று, புதிய வேண்டுகோள் கடிதம், இருவரும் நேரில். வீசா திருமணத்தின் மேல் நிற்பது. பிரிவோ மரணமோ நேர்ந்தால் அதை மறைத்துப் புதுப்பிக்க முயலாமல் திணைக்களத்துக்கு அறிவித்து வேறு பிரிவுக்கு மாறுவதே பாதுகாப்பு.

காணியை அன்பின் பேரில் வெளிநாட்டுத் துணைவரின் பெயருக்கு எழுதப் பார்ப்பவர்கள் உண்டு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது. வாரிசாக இறங்குவதற்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் நொத்தாரிசிடம் போய்க் கேட்ட பிறகே எதையும் எழுதுங்கள். பெர்மிட் காணி என்றால் பிரதேச செயலகக் காணிப் பிரிவில் முதலில் கேளுங்கள்.

பிள்ளைகள்

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு வதிவிட வீசா எடுக்க ஓடாதீர்கள். பிள்ளை பிறந்த நேரத்தில் நீங்கள் இலங்கைப் பிரசையாக இருந்திருந்தால், பிரசாவுரிமைச் சட்டத்தின் 5(2)ஆம் பிரிவில் பதிந்து பிள்ளைக்கே பிரசாவுரிமைச் சான்றிதழ் எடுக்கலாம். 2003இல் சட்டம் திருந்திய பின் தாய் மட்டும் இலங்கையராக இருந்தாலும் இது கிடைக்கும், அதற்கு முன் தகப்பனின் பிரசாவுரிமையே கணக்கு. பிறந்து ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிவது வழமை. பிந்தினால் காரணம் எழுதி மேலதிகக் கட்டணம் கட்ட வேண்டும். பாடசாலை அனுமதிக்கு அதிபர் முதலில் கேட்பது இந்தச் சான்றிதழைத்தான். பிள்ளை பிறக்கும்போது நீங்கள் வெளிநாட்டுப் பிரசையாக மாறியிருந்து, பிறகே இரட்டைப் பிரசாவுரிமை எடுத்திருந்தால் பிள்ளையின் நிலை வேறு. அதைத் திணைக்களத்தின் பிரசாவுரிமைப் பிரிவில் தனியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் எடுங்கள்.

இடைத்தரகரும் தாமதமும்

சுகுறுபாய வாசலிலும் வவுனியாவிலும் "இரண்டு நாளில் முடித்துத் தருவேன்" என்று வருகிறவர்களுக்குக் கடவுச்சீட்டின் மூலத்தைக் கொடுக்காதீர்கள். அவர்கள் செய்வது படிவம் நிரப்புவது, கொப்பி அடிப்பது, அதே வரிசையில் உங்களோடு நிற்பது. மொழி வராத இடத்தில் சிங்களம் தெரிந்த உறவினர் ஒருவர் கூட வருவது இதைவிடப் பலன். தமிழில் கடிதம் கொடுக்கவும் தமிழில் பதில் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அலுவலைச் சுருக்க வேண்டுமென்றால் தமிழ்க் கடிதத்தோடு ஆங்கிலப் பிரதியும் இணையுங்கள்.

கோவை பொறுப்பேற்கப்பட்டதும் அதன் இலக்கத்தையும், எந்த அலுவலரின் மேசையில் கொடுத்தீர்கள் என்பதையும், திகதியையும் குறித்து வையுங்கள். பதில் பிந்தினால் தொலைபேசியில் பெயர் சொல்லித் தேட முடியாது, இலக்கம் சொன்னால்தான் எடுத்துப் பார்ப்பார்கள். பதில் வருமுன் தற்போதைய வீசா முடியப்போகிறது என்றால், விண்ணப்பம் போட்டிருக்கிறோம் என்று சும்மா இருக்காமல், முடியுமுன்பே நீடிப்புக்குப் போடுங்கள்.